நடுப்புள்ளிக்கு இலக்கணம் கட்டுகிறவர்

உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். தெருவுக்கு ஒருவர் இருந்தாலும் வியப்பில்லை. வரையறைக்காரர் என்று அந்த இனத்துக்குப் பெயர் வைக்கலாம். ஒரு பொருளைக் கொடுத்தால் வாங்க மாட்டார். அது இன்னதென்று வரையறுத்த பிறகே கையை நீட்டுவார். எங்கள் திண்டிவனத்தில் இந்த இனத்தின் முதல் தரமான உருப்படி, கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் சுமதிகுமார்.

மற்ற ஆசிரியர்கள் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே உள்ள எண்களைக் கூட்டுவார்கள், பெருக்குவார்கள், சம்பளம் வாங்குவார்கள். இவருக்கு அது கூச்சம். கணிதத்தில் கேட்டகரி தியரி என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதில் ஒரு பொருளுக்குள் எட்டிப் பார்ப்பது அநாகரிகம். அதற்கு வருகிற அம்புக்குறிகளையும் அதிலிருந்து போகிற அம்புக்குறிகளையும் வைத்தே அதை அறிய வேண்டும் என்பார். பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில் ‘நடு’ என்ற ஒரே செயலை அப்படி வரையறுத்துவிட்டால், கூட்டலும் பெருக்கலும் தாமே வாசலில் வந்து நிற்குமாம். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த நம்பிக்கை இது. இப்போது எண்பதுகளே முடியப் போகின்றன. கூட்டல் இன்னும் வந்து சேரவில்லை.

கடையில் அரைக் கிலோ மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கேட்பார். கடைக்காரர் நிறுத்துக் கட்டிய பிறகும் நகராமல், ‘அரை’ என்பதை எண்ணை வைத்துச் சொல்வது எவ்வளவு கொச்சையானது என்று விளக்கி, பின்னால் நிற்பவர்கள் வேறு கடைக்குப் போகும்வரை விளக்கி, பொட்டலத்தை அங்கேயே விட்டுவிட்டு வீடு திரும்புவார்.

போன மாதம் ஒரு ஞாயிறு மாலை, பக்கத்து வீட்டுத் தேவநாதன் தெரியாத்தனமாக அவரிடம் ஒன்று கேட்டார். மச்சான் விழுப்புரத்திலிருந்து வருகிறார், நான் இங்கிருந்து போகிறேன், பாதி வழியில் சந்திப்பதாகப் பேச்சு, இடையில் இருக்கிற கூட்டேரிப்பட்டு சரிப்படுமா? கேட்கலாமா இதை?

வாசல் சிமெண்டுத் தரையில் சாக்பீஸ் இறங்கியது. விழுப்புரம் ஒரு முனை, திண்டிவனம் ஒரு முனை. ஒரு முனைக்கும் அதே முனைக்கும் நடு எது? அந்த முனையேதான். இங்கிருந்து பார்த்தாலும் அங்கிருந்து பார்த்தாலும் நடு மாறுமா? மாறாது. தேவநாதன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அதற்காகச் சுமதிகுமார் அவரைப் பஸ் ஏற விட்டுவிடுவாரா? நடு உண்டு என்று காட்டியாயிற்று. ஒன்றே ஒன்றுதான் என்று காட்ட வேண்டாமா?

“ரெண்டு நடு இருந்தா பேஜாராப் பூடும் சார். மச்சான் ஒண்ணுல நின்னுக்கினு இருப்பாரு, நான் ஒண்ணுல நின்னுக்கினு இருப்பேன்” என்றார் தேவநாதன், பயந்துபோய்.

உள்ளே சுமதிகுமாரின் மனைவி ரத்னமாலாவுக்கு அன்று ஒருபொழுது விரதம். சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தால் சோற்றைத் தொட மாட்டார்கள். விரத நாளில் ஒரே சாப்பாடு, அதையும் கணவர் உட்கார்ந்த பிறகே சாப்பிடுவது அந்த அம்மாளின் வழக்கம். இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு நிலைப்படிக்கே வந்தார்.

“பொழுது போய்க்கினே இருக்குது. வந்து உக்காருங்க. காலையிலருந்து நான் ஒண்ணும் சாப்புடல.”

“கொஞ்சம் இரு. பகலும் ஓர் இடைவெளிதான். அதோட கடைசிப் புள்ளி பகல்ல சேருதா, ராத்திரியில சேருதான்னு மொதல்ல பார்க்கணும்.”

ரத்னமாலா வானத்தை ஒரு முறை பார்த்தார். உள்ளே போனார். சுமதிகுமார் அந்தக் கடைசிப் புள்ளிக்கு அம்புக்குறி போட்டு நிமிர்ந்தபோது தேவநாதன் இல்லை, வெளிச்சமும் இல்லை. உள்ளே விளக்கு எரிந்தது. மனைவி ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு?”

“உங்க சோத்தை மாட்டுக்கு வெச்சிட்டேன். இருட்டிடுச்சு பாருங்க. இனிமே நான் பொழுதைப் பார்த்து சாப்ட்டுக்கறேன்.”

 அந்த வாக்கியத்தில் வரையறுக்க ஒன்றுமே இல்லை.

சிரியுங்கள், தாராளமாக. ஆனால், அந்தக் கடைசிப் புள்ளி எந்தப் பக்கம் சேரும் என்று உங்கள் மனம் இன்னும் குடைந்துகொண்டிருந்தால், தயவுசெய்து இதை மூடிவிட்டு எழுந்திருங்கள். சற்று முன் உங்கள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டதே, உங்களைத்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட ஆள் இருக்கும்போதே போய்விடுங்கள்.