கூரைப்புடவையில் மாட்டிய பட்டாளத்து வாட்ச்

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் நான் ஒரே ஒரு நாள் வேலை பார்த்திருக்கிறேன். அதுவும் முழு நாள் இல்லை. காரணம் என் மணிக்கட்டும், அதைவிடப் பருத்திருந்த என் தலைக்கனமும்.

தொண்ணூறுகளின் கடைசி. ஏனாத்தூரில் படிப்பை முடித்து ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். "ஞாயித்துக்கிழமை வா. புடவை காட்டு. சரிப்பட்டா வெச்சுக்கிறேன்" என்றார் கடை முதலாளி. அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டும். வெறுங்கையோடு போகலாமா? வாட்ச் கடைக்குப் போனேன்.

என் வசதிக்கு இரண்டு தேறின. ஒன்று மெல்லிசாக, வழவழவென்று, வெள்ளை டயலும் கறுப்புத் தோல் வாருமாக இருந்தது. இன்னொன்று பட்டாளத்துக்காரர்கள் கட்டுகிற மாதிரி. பச்சை டயல், இருட்டில் மின்னும் முள், நைலான் பட்டை, அதில் ஒரு முரட்டு இரும்புக் கொக்கி (மாட்டைக் கட்டலாம்).

"எங்கபா வேலை?" என்றார் கடைக்காரர்.

"பட்டுக்கடையில."

"அப்ப மெல்லிசா இருக்குதே, அத்த எடுத்துக்கோ."

"இது தண்ணியில போட்டாலும் ஓடுமாண்ணே?"

"ஓடும்பா, பட்டையும் லேசுல அறுவாது. பட்டுக்கடையில உனக்கு எதுக்குத் தண்ணி?"

எங்கள் ஊர் முசரவாக்கத்திலிருந்து கடைக்குச் சைக்கிள் மிதிக்கிறவன் வழியில் எந்த எதிரியைச் சந்திக்கப்போகிறான் என்று யோசித்திருக்கலாம். யோசிக்காமல் பட்டாளத்து வாட்சைக் கட்டிக்கொண்டேன்.

கடையில் ஒரு விதி இருந்தது. மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி டிராயரில் போட்டுவிட்டுத்தான் புடவையைத் தொட வேண்டும். நான் முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டேன்.

மாலையில் ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா காலையிலிருந்து கடைகடையாக ஏறி இறங்கியவர். கடைசியில் ஓர் அரக்குக் கூரைப்புடவை மணப்பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. "நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள பொண்ணு கையில குடுத்துடணும்" என்றார் அந்த அம்மா.

மணி நாலு பத்து. என் முதல் விற்பனை. முந்தானையை ஸ்டைலாக உதறி விரித்தேன். சட்டைக்கை மேலேறி, வாட்ச் கொக்கி சரிகையைக் கவ்விக்கொண்டது.

"அசையாத. இழுத்தா இழை போயிடும்" என்றார் முதலாளி.

வாட்சைக் கழற்றலாம் என்றால், சரிகை சுற்றிக்கொண்டிருந்ததே கொக்கியில்தான். பட்டையை அறுக்கப் பார்த்த கத்தரிக்கோல் தோற்றுப்போனது (விற்றவர் பொய் சொல்லவில்லை). நெசவாளர் ஒருவரைக் கூட்டிவரக் கடை ஆள் ஒருவர் ஓடினார். நான் கையை நீட்டியபடி நின்றேன். எல்லோரும் என் வாட்சையே பார்த்தார்கள். நான் ஆசைப்பட்டதும் அதைத்தானே.

நாலு இருபத்தாறு. மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். "இந்தப் பையனுக்காக ராகு காலம் காத்துக்கினு இருக்குமா?" என்று கேட்டுவிட்டு, புடவைக்குக் குங்குமம் வைத்துத் தாம்பாளத்தில் ஏற்றினார். என் கையும் கூடவே ஏறியது.

"நீயும் கொஞ்சம் குனிஞ்சுக்கோபா."

குனிந்தேன். மணப்பெண் தட்டை வாங்கிக்கொண்டு சாமி படத்துக்கு நடந்தாள். நானும் பக்கத்திலேயே நடந்தேன். வேறு வழி? யாரோ பழக்கதோஷத்தில் என் நெற்றியிலும் குங்குமம் வைத்தார்கள். அந்தப் பெண் சிரிப்பை அடக்கியதில் தட்டு நடுங்கியது. எனக்கு அழுகை வந்தது.

நெசவாளர் நாலே முக்காலுக்கு வந்து, ஊசியால் இழை இழையாக விடுவித்தார். புடவைக்கு ஒன்றும் ஆகவில்லை. "நாளைக்கு வராதப்பா" என்றார் முதலாளி. அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கல்யாணமான முதல் வாரமே இதை மனைவியிடம் சொன்னது என் அடுத்த முட்டாள்தனம். இருபது வருஷமாக, வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் காபியைக் கொடுத்துவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்கிறாள்:

"நான் இவருக்கு ரெண்டாவதுங்க. மொதல்ல வேற ஒருத்திக்குக் கூரைப்புடவை குடுத்துட்டாரு."