ஹோரஸ் பிம்முக்கு வேண்டியவர்

லெஸ்லி அந்த நாற்காலியில் உட்கார்ந்ததற்கு ஒரே காரணம் அவருடைய வலது முழங்கால். வேறு எந்த நோக்கமும் அவருக்கு இல்லை.

டட்லியிலிருந்து தோட்டக்கலைச் சங்கத்தார் முப்பது பேர் பஸ் வைத்துக்கொண்டு ஹார்ன்மின்ஸ்டர் பேராலயத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். நவம்பர் தூறல் காலையிலிருந்து விடவில்லை. அவர் மனைவி எட்னா மற்றவர்களோடு கோபுரத்தில் ஏறப் புறப்பட்டாள். முந்நூற்றுப் பன்னிரண்டு படி.

"நீ கீழேயே இரு. எங்கேயும் போயிடாதே. நாலு மணிக்கு பஸ். டிரைவர் யாருக்காகவும் நிக்க மாட்டேன்னு சொல்லிட்டான்."

"நான் எங்கே போகப்போறேன்?" என்றார் லெஸ்லி.

உண்மைதான். முப்பத்தெட்டு வருஷம் பஸ் கம்பெனியில் கால அட்டவணை போட்டவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு எங்கேயும் போனதில்லை.

பேராலயத்தின் வடக்குப் பக்கம் ஒரு சின்னப் பிரார்த்தனைக் கூடம் இருந்தது. உள்ளே குளிர் குறைவு. சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு அம்மாள், மழுங்கச் சிரைத்த தலையுடன் நெட்டையாக ஒருவர், ஒரு இளம் ஜோடி. ஜோடியைத் தவிர எல்லாரும் மூலைக்கொருவராக உட்கார்ந்திருந்தார்கள். லெஸ்லி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, வலது ஷூவைக் கழற்றிவிட்டுக் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

அப்போதுதான் கதவு திறந்து சவப்பெட்டி உள்ளே வந்தது.

லெஸ்லி பதறிப்போய்க் காலால் ஷூவைத் துழாவினார். அது முன் நாற்காலிக்கு அடியில் போய்விட்டது. குனிந்து கையை நீட்டினார். முழங்காலில் மின்னல் வெட்டியது. "ஐயோ" என்று முனகியபடி, தலையைத் தொங்கப்போட்டு, கண்ணில் நீர் முட்ட அப்படியே இருந்துவிட்டார்.

தோளில் ஒரு கை விழுந்தது. கறுப்புக் கோட்டும், கக்கத்தில் உயரத் தொப்பியுமாக, அடக்க ஏற்பாடுகளைக் கவனிக்கும் ஆள் நின்றிருந்தார்.

"மெதுவா, சார். அவசரமில்லை. முன்வரிசைக்கு வாங்க."

"இல்லைங்க, நான் வந்து..."

"தெரியுது சார். பேச வேண்டாம்."

ஷூவை மாட்டி, கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார். ஒரு பாட்டு முடிந்ததும் நைசாக நழுவிவிடலாம் என்று லெஸ்லி கணக்குப் போட்டார்.

பாட்டு முடிவதற்குள் சாம்பல் கோட்டு அம்மாள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மனசைத் தேத்திக்கங்க," என்றாள்.

கணவனைப் பறிகொடுத்த நேரத்திலும் இந்தப் பெண் நமக்கு ஆறுதல் சொல்கிறாளே என்று லெஸ்லிக்கு நெஞ்சு கனத்துப்போயிற்று. 'நான் வேறே ஆளும்மா, கால் வலி' என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

"நீங்களும் தேத்திக்கங்கம்மா," என்றார். அது போதாது போலிருந்தது. "ரொம்ப நல்ல மனுஷர்."

"ரொம்ப நாள் பழக்கமா?"

"சின்ன வயசிலேர்ந்து," என்றது லெஸ்லியின் வாய்.

இளம் பாதிரியார் காதில் இது விழுந்துவிட்டது. மேடையிலிருந்து இறங்கியே வந்துவிட்டார்.

"நல்ல வேளை, சார். யாருமே வரமாட்டாங்கன்னு நினைச்சேன். நான் இங்கே மாத்தலாகி வந்து ரெண்டு வாரம்தான் ஆகுது. பேராலயத்து முதியோர் வீட்டுல இருந்தவர்னு மட்டும் சொன்னாங்க. கையிலே பேரும் வயசும்தான் இருக்கு. நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க."

"எனக்குப் பேச வராதுங்க."

"மனசுல இருக்கிறதைச் சொன்னாப் போதும்."

லெஸ்லி எழுந்து நின்றார். பெட்டியின் மேல் இருந்த பித்தளைத் தகட்டைப் படித்தார். ஹோரஸ் பிம். எழுபத்தொன்பது.

"ஹோரஸ்," என்று ஆரம்பித்தார். "சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். எங்கே போனாலும் பத்து நிமிஷம் முன்னாடியே போய் நிப்பார். அவர் வந்து நிக்கிறதை யாரும் கவனிக்க மாட்டாங்க. அவர் செஞ்ச வேலையை வெச்சுத்தான் ஊர்ல எல்லாரும் தினமும் எழுந்து கிளம்பினாங்க. ஆனா அதைச் செஞ்சது யாருன்னு ஒருத்தரும் கேட்டதில்லை. அதுக்காக அவர் வருத்தப்பட்டதில்லை."

கொஞ்சம் நிறுத்தினார்.

"பட்டிருப்பார். வெளியே சொன்னதில்லை."

யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. இந்தத் தடவை கண்ணீருக்கும் முழங்காலுக்கும் சம்பந்தமில்லை. நெட்டை மனிதர் கைக்குட்டையில் பலமாக மூக்கைச் சிந்தினார். தம்பியாக இருக்க வேண்டும் என்று லெஸ்லி நினைத்துக்கொண்டார்.

வாசலில் எட்னா நின்றிருந்தாள்.

அவர் போய் உட்கார்ந்ததும் பின்வரிசைக்கு வந்து காதோடு கேட்டாள்.

"யாரு செத்தது?"

"ஹோரஸ் பிம்."

"யார் அது?"

"தெரியாது."

"தெரியாத ஆளுக்கா அழறே?"

"அப்புறம் சொல்றேன், எட்னா."

"எங்கம்மா செத்தப்போ நீ வாயே திறக்கலை," என்றாள் எட்னா.

பெட்டியை எடுக்கும் நேரம் வந்தது. கறுப்புக் கோட்டுக்காரர் மறுபடி குனிந்தார்.

"சார், நம்ம பையன் ஒருத்தனுக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சு. ஒரு தோள் குறையுது. வேண்டியவங்க யாராவது கொடுத்தா மரியாதையா இருக்கும்."

லெஸ்லி நம்பிக்கையோடு நெட்டை மனிதரைப் பார்த்தார். அவர் தலை வணங்கி ஒதுங்கி நின்றார்.

"நீங்கதான் கொடுக்கணும் சார். அதுதான் முறை."

ஹோரஸ் பிம் கனமான மனிதர். ஒவ்வொரு படி இறங்கும்போதும் முழங்கால் தனியே ஒரு பிரார்த்தனை செய்தது. மழையில் நனைந்து, சவ வண்டியில் பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பியபோது மணி மூன்று நாற்பது. வாசலில் அந்த நாலு பேரும் தலையைச் சேர்த்துவைத்து ரகசியமாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். குடும்ப விஷயம். இதுதான் நழுவ நேரம் என்று லெஸ்லி எட்னாவின் கையைப் பிடித்தார்.

சாம்பல் கோட்டு அம்மாள் ஓடி வந்து அவருடைய இன்னொரு கையைப் பிடித்தாள்.

"கல்லறை வரைக்கும் நாங்களும் வர்றோம். கவலைப்படாதீங்க."

"அம்மா, எங்க பஸ்..."

"கார் இருக்கு சார்," என்று கதவைத் திறந்து பிடித்தார் கறுப்புக் கோட்டுக்காரர்.

நீளமான கறுப்புக் காரில் ஆறு பேரும் உட்கார்ந்து போனார்கள். கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே நாலு மைலில் இருந்தது. பாதி வழியில் சாலை வேலை. கார் நின்றது. எதிர்ப்பக்கம் ஒரு பெரிய பஸ் அவர்களைத் தாண்டிப் போயிற்று. ஜன்னலில் தோட்டக்கலைச் சங்கத்தின் பொருளாளர் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்.

"லெஸ்லி, நம்ம பஸ்."

"தெரியுது."

"நம்ம பஸ் போகுது, லெஸ்லி."

சாம்பல் கோட்டு அம்மாள் எட்னாவிடம் ஒரு பெப்பர்மிண்ட் நீட்டினாள். எட்னா அதை வாங்கி, யாரையோ கடிப்பதுபோலக் கடித்தாள்.

குழிமேட்டில் சேறு. பாதிரியார் ஜெபித்து முடித்து, லெஸ்லியின் கையைக் குலுக்கிவிட்டுச் சவ வண்டியில் ஏறிப் போய்விட்டார். இன்னொரு வேலை இருக்கிறது, அரை மணியில் வந்துவிடுகிறேன் என்று காரும் போய்விட்டது. இருட்டிக்கொண்டு வந்தது. ஆறு பேரும் இரண்டு குடைக்குக் கீழே நின்றார்கள். லெஸ்லி ஒரு பிடி ஈர மண்ணை எடுத்துப் போட்டார். அது பெட்டியில் விழுந்த சத்தம் அவரை என்னவோ செய்தது. ஒரு மனிதனின் கடைசி நாளில், அவனுடைய சொந்தக்காரர்களைத் தள்ளிவிட்டு, எவனோ ஒருவன் முன்வரிசையில் உட்கார்ந்து, வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கிறான். இனிமேலும் மறைத்தால் அது திருட்டு.

தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா, என்னை மன்னிச்சிடுங்க. எல்லாரும் மன்னிக்கணும். எனக்கு ஹோரஸ் பிம் யாருன்னே தெரியாது. கால் வலின்னு உட்கார்ந்தேன். பேசினதெல்லாம் பொய். உங்க துக்கத்துல குறுக்கே வந்துட்டேன்."

சாம்பல் கோட்டு அம்மாள் நெட்டை மனிதரைப் பார்த்தாள். அவர் இளம் ஜோடியைப் பார்த்தார். அவர்கள் குழியைப் பார்த்தார்கள்.

பிறகு நெட்டை மனிதர் மெல்லச் சொன்னார்: "எங்க நாலு பேருக்கும் கூட அவர் யாருன்னு தெரியாதுங்க, உங்களைத் தனியா விட்டுட்டுப் போக மனசு வராமத்தான் கூடவே வந்தோம்."