ஓட்டெடுப்புக்கு முன் ஒரு வார்த்தை

"ஓட்டெடுப்புக்கு முன்னால ஒரே ஒரு வார்த்தை" என்று எழுந்த ஜோஸ்பின் டீச்சர் ஐம்பது நிமிடமாகியும் உட்காரவில்லை.

தெரு நலச்சங்கச் செயலாளர் சூசைமுத்துவுக்கு வியர்த்தது. ஞாயிறு பூசை முடிந்த கையோடு, இரண்டு தெரு தள்ளியிருந்த கல்யாண மண்டபத்தில் தெருவின் முன்வரிசைக் குடும்பங்கள் அத்தனையையும் கூட்டியிருந்தார். ஒரே ஒரு தீர்மானம்தான். தெருவின் கடைசி வரிசைக்குப் பொதுக்குழாய் போடக் கிடைத்திருக்கும் அனுமதியை ரத்து செய்யச் சொல்லி ஒரு மனு. அங்கே குழாய் வந்தால் முன்வரிசையில் தண்ணீர் வேகம் குறைந்துவிடுமாம். ஏற்கெனவே மூன்று தடவை கடப்பாறையோடு வந்த ஆட்களைக் குறுக்கே நின்று திருப்பி அனுப்பியாயிற்று.

கடைசி வரிசையிலிருந்து டீச்சர் ஒருத்தர்தான் வந்திருந்தார். அந்த ஒருத்தரே போதுமாயிருந்தது.

"என்னத்தா இது, நிறுத்தவே மாட்டேங்குது?" என்று அண்ணன் மகள் இளவேனிலிடம் கிசுகிசுத்தார் சூசைமுத்து. சட்டம் படிக்கும் அவள்தான் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

"இதுக்குப் பேரு ஃபிலிபஸ்டர் பண்றது, சித்தப்பா. ஓட்டெடுப்பு நடக்கவிடாம பேசிக்கிட்டே இருக்கிறது. அமெரிக்காவுல ஒரு நாள் முழுக்கப் பேசுனவங்கல்லாம் இருக்காங்க."

"தமிழ்ல என்ன?"

"தமிழ்ல அதுக்கு ஒத்தை வார்த்தை இல்ல."

"வார்த்தையே இல்லாத வேலைய இந்தம்மா எங்க படிச்சுச்சு?"

அந்தச் சொல் வரிசை வரிசையாகப் பின்னால் போனது. "வீட்டுக்கு வெள்ளையடிங்கன்னா எங்க வீட்டுக்காரரு பண்றது இதுதானே" என்றார் நர்கீஸ். அவர் கணவர் சாகுல் ஹமீது அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்.

சூசைமுத்து மைக்கை அணைத்தார். டீச்சருடையதோ வகுப்பில் அறுபது பிள்ளைகளை அடக்கிய தொண்டை. சாகுல் ஹமீது திடுக்கிட்டு விழித்து, "இப்பத்தான் தெளிவாக் கேக்குது" என்றார்.

"விசயத்த மட்டும் பேசுங்க டீச்சர்!"

"விசயத்துக்குத்தான் வாரேன், செயலாளரே."

கடைசி வரிசையின் பதினெட்டு வீட்டையும் வரிசையாக எடுத்தார் டீச்சர். யார் வீட்டில் எத்தனை குடம், எவ்வளவு தூரம், யார் எந்த மாதம் எங்கே வழுக்கி விழுந்தார்கள். ஏழாவது வீட்டுக்கு வருவதற்குள் சூசைமுத்துவின் மனைவி ஆரோக்கியம்மாள் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டார்.

வாயில் எதையாவது போட்டால் பேச்சு நிற்கும் என்று சூசைமுத்து டீயும் வடையும் வரவழைத்தார். டீச்சர் தெம்பாகி மறுபடி முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார். குடிக்கிற தண்ணீரை மனுப்போட்டுத் தடுக்கிற தெருவில் ஒரு பெண் இப்படித்தான் நிற்க வேண்டியிருக்கிறது. குறிப்பு எழுதிய இளவேனிலுக்கே பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது.

மணி ஒன்றானது. "வீட்டுல கறி கெடக்கு, செத்த நேரத்துல வாரேன்" என்று ஆட்கள் நழுவத் தொடங்கினார்கள். நாற்பது பேர் இல்லாவிட்டால் ஓட்டெடுப்பு செல்லாது. சூசைமுத்து ஓடிப்போய் வாசல் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஓட்டுப் போடாம ஒரு ஆளு வெளிய போகக் கூடாது!"

டீச்சர் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கிண்டல் என்று சூசைமுத்து நினைத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்கு டீச்சரின் குரல் கம்மியது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சூசைமுத்து துள்ளி எழுந்தார். "இம்புட்டுத்தான் உங்க ஃபிலிபஸ்டரு! உக்காருங்க டீச்சர். எல்லாரும் கையத் தூக்குங்கப்பா!"

"உக்கார மாட்டேன். தொண்டையில சத்தம் இருக்கிற வரைக்கும் பேசுவேன்."

"எத்தனை நாளைக்குப் பேசுவீங்க? தீர்மானம் எங்க ஓடிறப் போகுது?"

அப்போது யாரோ கதவைப் படபடவென்று தட்டினார்கள். சூசைமுத்து எரிச்சலோடு போய்ப் பூட்டைத் திறந்தார். முழங்கால் வரை சேறும் கையில் ரெஞ்சுமாக நின்றிருந்தார் பிளம்பர் பேச்சிமுத்து. அவர் செயலாளரைக் கவனிக்கவே இல்லை.

"டீச்சர், குழாய் மாட்டி, குழிய மூடி, தண்ணியும் வந்துருச்சு. இனிமே இவங்க ஓட்டுப் போட்டுக்கட்டும், நீங்க உக்காருங்க."