நான் ஓய்வெடுத்த சனிக்கிழமை

சும்மா இருப்பதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும். என்னிடம் அது கிடையாது. சாப்பிட்டுவிட்டுக் கால் நீட்டி உட்கார்ந்தால்கூட, யாரோ பின்னால் நின்று "வேலை இல்லையா?" என்று கேட்பதுபோலவே இருக்கும்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். கொடைக்கானலில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். வாரம் முழுக்க வகுப்பு. சனிக்கிழமை துணி துவைப்பு, மிளகாய்ப்பொடி இடிப்பு, பிள்ளைகளின் நோட்டுத் திருத்தம். ஒருநாள் கரும்பலகையில் பெருக்கல் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோதே தூங்கிவிட்டேன். நின்றபடி. (நான் ஏதோ பெரிய கணக்கை யோசிக்கிறேன் என்று பிள்ளைகள் மரியாதையாகக் காத்திருந்தார்களாம்.)

டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, சனிக்கிழமைகளில் எந்த வேலையும் செய்யாமல் வெளியே போய்க் காற்று வாங்க வேண்டும் என்றார். தபால் ஆபீஸ் குமாஸ்தாவான என் கணவருக்கு இது ஒரே சந்தோஷம். அவருக்கு ஓய்வெடுப்பது கைவந்த வித்தை.

நான் யோசித்தேன். ஓய்வும் எடுக்க வேண்டும், நேரமும் வீணாகக் கூடாது. சிப்பாய்களுக்கு மப்ளர் பின்னித் தருவதற்காக ஊர்ப் பெண்களுக்குக் காக்கிக் கம்பளி நூல் கொடுத்திருந்தார்கள். புல்வெளியில் உட்கார்ந்து அதைப் பின்னலாம். என் மகள் எஸ்தர் விளையாடலாம். அவளைப் பார்த்துக்கொண்டதாகவும் ஆயிற்று. ஒரே ஓய்வில் மூன்று வேலை. இந்தத் திட்டத்தைக் கேட்ட என் கணவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

பேத்துப்பாறை போகிற வழியில் ஒரு புல்மேட்டைப் பிடித்துப் பாயை விரித்தேன். எஸ்தருக்கு அப்போது ஆறு வயது. அவள் கண்ணை விட்டு மறைந்தால் என் மனம் நேராக மலை விளிம்புக்குப் போய்விடும். அங்கிருந்து சிறுத்தையின் வாய்க்கு. குனிந்து பின்னிக்கொண்டே அவளையும் எப்படிப் பார்ப்பது? அப்போதுதான் எனக்கு அந்த அருமையான யோசனை வந்தது. நூல்கண்டின் உள்முனையை உருவி அவள் இடுப்பில் கட்டினேன். வெளிமுனை என் ஊசியில். மடியில் கண்டு உருண்டால் பிள்ளை நடக்கிறாள்; உருளாவிட்டால் உட்கார்ந்திருக்கிறாள். நானே எனக்கு ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

கட்டளையும் கொடுத்தேன். "அம்மா ரெஸ்ட் எடுக்கப் போறேன். அந்தப் பாறைக்கு அங்கிட்டுப் போகக் கூடாது. கத்தக் கூடாது. நான் வந்து கூப்பிடுற வரைக்கும் மூச்சு விடக் கூடாது, தெரிஞ்சுதா?" தலையாட்டினாள். அதுவரை நான் சொன்ன எதையும் கேட்டறியாத பிள்ளை. கீழ்ப்படிய அவள் அந்த நாளைத்தான் தேர்ந்தெடுப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வெயில் இதமாக இருந்தது. மப்ளர் ஒரு முழம் வளர்ந்தது. கண்டு மடியில் மெல்ல உருண்டது. அந்தச் சுகத்தில் தூங்கிவிட்டேன்.

விழித்தபோது வெயிலையும் காணோம், மலையையும் காணோம். நான்கு பக்கமும் மலை மூடுபனியான மஞ்சு அடைத்துக்கொண்டு நின்றது. மடியில் நூல்கண்டு இல்லை. ஊசிகள் புல்லில் கிடந்தன. முழ நீள மப்ளர் நான்கு விரல் நீளமாகச் சுருங்கி, என் கண்ணெதிரிலேயே ஒவ்வொரு வரிசையாகப் பிரிந்துகொண்டிருந்தது. நூல் போய்க்கொண்டே இருந்தது.

அதைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஓடும்போதே நூலைச் சுற்றிக்கொண்டும் போனேன். (சர்க்கார் நூல். வீணாக்கலாமா?) சரிவில் இறங்கி, முட்செடியில் சேலையைக் கிழித்துக்கொண்டு, ஓடைச் சேற்றில் ஒரு செருப்பைக் காணிக்கையாக்கி, "எஸ்தர், எஸ்தர்" என்று கத்திக்கொண்டே போனேன். பதில் இல்லை. நூலை மெதுவாக இழுத்தேன். மறுமுனையும் இழுத்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பலம் ஏது? எதுவோ அவளை இழுத்துக்கொண்டு போகிறது என்று நினைத்த மாத்திரத்தில் கால் தரையில் பாவவில்லை. மஞ்சுக்குள் கறுப்பாக ஏதோ தெரிந்தது. பாய்ந்து கட்டிக்கொண்டேன்.

வெதுவெதுப்பாக இருந்தது. மயிர் அடர்ந்திருந்தது. என் முகத்தில் பெரிதாக ஒரு மூச்சு விட்டது.

"யாரது, என் எருமையக் கட்டிப்புடிச்சு அழுவுறது?" என்று ஒரு குரல் கேட்டது. பேத்துப்பாறை மாயக்கா. எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவள். எருமைக் கொம்பில் என் நூல், அழகாக முடிச்சுப் போட்டு.

பிள்ளையைக் காணோம் என்று தேம்பினேன்.

"எங்க விட்டீக டீச்சரம்மா?"

"நூல்லதான் கட்டி விட்டிருந்தேன்."

மாயக்கா நூலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "நாங்க எருமையவே கயித்துலதாங்க கட்டுவோம்" என்றாள்.

"சரி, உக்காந்திருந்த எடத்துக்கே திரும்பிப் போவோம். நூலப் புடிச்சுக்கிட்டே போனாத் தெரிஞ்சிரும்ல?" என்று அவளே வழியும் சொன்னாள். நான் கையைப் பார்த்தேன். திரும்பிப் போக இருந்த ஒரே வழியை நான் பத்திரமாகக் கண்டாகச் சுற்றிக் கையில் வைத்திருந்தேன்.

அதன்பிறகு நடந்ததை வேடிக்கையாகச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வரவில்லை. மாயக்கா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகக் கூப்பிட்டுக்கொண்டே மேட்டில் ஏறினோம். கிடுகிடு பள்ளம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஓடவும் பயம், நிற்கவும் பயம். எங்கள் குரல் மட்டும்தான் திரும்பி வந்தது.

காற்று ஒரு தடவை வீசி மஞ்சு கிழிந்தது. என் பாய் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம்கூட இல்லை, பாறையடியில் எஸ்தர். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண் இரண்டும் பிதுங்க உட்கார்ந்திருந்தாள்.

அணைத்து, முத்தமிட்டு, முதுகில் ஒன்று வைத்து, மறுபடி அணைத்தேன். "தொண்டை கிழியக் கூப்பிட்டேனே, கேக்கலையாடி?"

கையை எடுத்தாள். "கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் வாயத் தொறக்கல?"

"வந்து கூப்பிடுறேன்னீங்க. நீங்க வராம அங்கிட்டு இருந்தே கூப்பிட்டீங்க."

இடுப்பு நூலை அவிழ்த்து எருமைக் கொம்பில் ஏன் கட்டினாள் என்றும் கேட்டேன். "அது தொலைஞ்சு போயிரக் கூடாதுல்லம்மா" என்றாள். மாயக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள். அன்று சாயங்காலமே பெருமாள்மலை கடைத்தெரு வரைக்கும் விஷயம் போய்விட்டது.

அன்றிலிருந்து நான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினால், "அம்மா ரெஸ்ட் எடுக்கிறாங்க" என்று என் கணவர் அறிவிப்பார். உடனே அப்பாவும் மகளும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொள்வார்கள். நானும் சிரிப்பேன். ஆனால், தூங்கமாட்டேன்.

போன ஜூனில் எஸ்தரை மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்க அனுப்பினோம். பஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நான் புத்திமதி சொல்ல ஆரம்பித்தேன். தெரியாதவர்களோடு பேசாதே, தனியாக எங்கும் போகாதே, டீச்சர் சொன்ன இடத்திலேயே இரு. அவள் என்னையே பார்த்துவிட்டு, மெதுவாக இரண்டு கையையும் தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் அலறி அடித்துக்கொண்டு எழுந்தாள். முன்சீட்டுக்காரர் வேட்டியை மடித்துக்கொண்டு ஒதுங்கினார். கண்டக்டர் ஓடிவந்து ஓர் எலுமிச்சம்பழத்தை அவளிடம் நீட்டி, "வண்டி இன்னும் கெளம்பவே இல்லையே பாப்பா, அதுக்குள்ளயா?" என்றார்.