விருந்தாளிக்காகக் கழுவிய குளம்

குளத்தைப் பார்த்ததும் சிவசக்திக்குத் தலை சுற்றியது. ஒரு பிளாஸ்டிக் போத்தல்கூட இல்லை. தண்ணீர் பளிங்காக மின்னியது.

"மாமா, யாரு செஞ்ச வேலை இது?"

"நாங்கதான்!" கணபதி கங்காணி மீசையைத் தடவினார். "கொழும்புலருந்து விருந்தாளிங்க வர்றாங்க. நாத்தத்துலயா நிப்பாட்டுறது? தோட்டத்துத் துரை வந்தாலே லயத்து வீட்டுக்கெல்லாம் வெள்ளையடிக்கிறவங்க நாம."

"அவங்க வர்றதே குளத்துக்குள்ள முங்கி குப்பை எடுக்கத்தானே!"

கங்காணியின் கை மீசையிலேயே நின்றது.

லுணுகலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்பவள் சிவசக்தி. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளுக்கு, இந்தத் தண்ணீரால் ஓயாத வயிற்றுப்போக்கு. கொழும்புச் சுழியோடிகள் சங்கம் மலைநாட்டுக் குளங்களைச் சுத்தம் செய்து, வடிகட்டித் தொட்டி கட்டி, லயத்துக்குக் குழாயும் போட்டுத் தருகிறதாம். அலையாய் அலைந்து அவர்களை வரவழைத்திருந்தாள். குப்பையே இல்லாவிட்டால் வந்த வேனிலேயே திரும்பிவிடுவார்களே!

"எடுத்த குப்பைய எங்க வச்சிருக்கீங்க?"

"எரிச்சாச்சு புள்ள."

"அப்ப புதுசாப் போடுங்க!"

ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் குளக்கரையில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களை கட்டியது. உரச்சாக்கு, ஓட்டை வாளி, பிய்ந்த செருப்பு எல்லாம் வந்து விழுந்தன. மாரியாயி ஒரு ரேடியோவைத் தூக்கி வந்தாள்.

"அக்கா, அது பாடுதே?"

"அதாம் புள்ள தொல்லை. அது பாடுற வரைக்கும் எங்க வீட்டு மனுசன் எந்திரிக்க மாட்டாரு."

தொபுக்கென்று போட்டாள்.

போட்டதெல்லாம் மிதந்து கரைக்கே திரும்பியது. கல்லைக் கட்டி இறக்கச் சொன்னாள் சிவசக்தி. மேல் லயம் நாலு மூட்டை இறக்கினால் கீழ் லயம் சும்மா இருக்குமா? வேன் வந்து நின்றபோது குளம் சாக்கடையாகியிருந்தது.

சங்கத் தலைவர் கிஷாந்தன், மடிப்புக் கலையாத கறுப்பு ரப்பர் உடையில் இறங்கினார். குளத்தைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"நாங்கள் வாறம் எண்டு எல்லாருக்கும் சொன்னனீங்கள்தானே?"

"எல்லாருக்கும் சொன்னோங்க சார்."

"பிறகேன் இப்பிடி?" காலை ஒருமுறை நனைத்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "ஐயோ, ஐஸ்!"

மற்றவர்கள் மெல்ல வேன் பக்கம் நகர்ந்தார்கள். சிவசக்திக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை குழந்தைகளின் தண்ணீரும் அந்த வேனில் ஏறிப் போகப்போகிறது!

"மாமா, எறங்குங்க! நாமளே எடுத்துருவோம்!"

தோட்டமே குளத்தில் குதித்தது. எது எங்கே கிடக்கிறது என்று போட்டவர்களுக்குத் தெரியாதா? மதியத்துக்குள் குளம் மறுபடி பளிங்கானது. கடைசியாக, கணவர் முறைக்க முறைக்க, மாரியாயியே ரேடியோவை எடுத்து வந்தாள்.

கிஷாந்தன் கைதட்டினார். "அருமை! பொங்கலுக்கு முதல் உங்கட லயத்துக்குக் குழாய் வரும்!"

கங்காணியைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டம் ஆடியது. சிவசக்தி சிரித்துக்கொண்டே வேன் டிரைவர் ஸலீமுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தாள்.

"நாங்கதான் எடுத்தோம், இருந்தாலும் குழாய் தர்றாங்களே! நல்ல மனசுங்கண்ணே."

ஸலீம் தேத்தண்ணீரை ஊதிக் குடித்தார்.

"இவங்க மலைநாட்டுல ஒரு குளத்துலயும் எறங்கினதே இல்ல தங்கச்சி, வாரோம் எண்டு சொன்னாப் போதும், சனமே கழுவி வெச்சிரும், அப்பிடிக் கழுவின குளத்துக்குத்தான் குழாயே குடுப்பாங்க!"