கைனேஸ் சித்தப்பா

"முட்டை தின்னா உள்ள இருக்கிறது இன்னும் பரவுமாடி? நீதானே சயின்ஸ் படிச்ச, சொல்லு."

அம்மா கேட்ட இந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. உயிரியலில் தொண்ணூற்றொரு மதிப்பெண் வாங்கிப் பள்ளியை விட்டு வந்து இரண்டே மாதம். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவரிடம் பதில் இருந்தது. கேட்பதற்கு முன்பே இருந்தது. அவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ரிப்போர்ட் வாசிப்போர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். மருத்துவமனைக் கவர் வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் அது இவர்கள் கைக்குப் போய்விடும். நோயாளி செருப்பைக்கூடக் கழற்றியிருக்கமாட்டார். இவர்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உதட்டைப் பிதுக்கி, இரண்டு முறை 'ம்' கொட்டி, பக்கத்தைத் திருப்பி, பின்பக்கம் வெறுமையாக இருப்பதையும் கவனமாகப் படித்து முடித்திருப்பார்கள். பிறகு அந்த வாக்கியம் வரும்.

"பயப்படாதீங்க அண்ணி, ஆனா…"

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு யாரால் பயப்படாமல் இருக்க முடியும்?

எங்கள் வீட்டு வாசிப்பாளர் என் சித்தப்பா. குளியலறை டைல்ஸ் விற்கிறார். அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் என்று உறுதியாகி, அடுத்த பரிசோதனை முடிவும் வந்த அன்று, 'புரோட்டீன் கைனேஸ்: பாசிட்டிவ்' என்ற வரியில் விரல் வைத்து, "பாசிட்டிவ்னா நல்லதுதானே!" என்று முதலில் எல்லோருக்கும் கை கொடுத்தார். கால் மணி நேரம் போனைத் தடவிய பிறகு கொடுத்த கையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். 'புற்று ஊடுருவலிலும் நோயாளியின் முன்கணிப்பிலும் புரோட்டீன் கைனேஸ்களின் பங்கு' என்று ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை கிடைத்திருந்தது. பதினெட்டுப் பக்கம். சித்தப்பா தலைப்பை முழுவதுமாகப் படித்தார்.

"ஊடுருவல்னு போட்டிருக்கான். அதுக்குக் காரணம் யாரு? புரோட்டீன்! தலைப்புலயே சொல்லிட்டான்."

"முன்கணிப்புன்னா என்ன தம்பி?" என்றாள் அம்மா.

"முன்னாடியே கணிச்சுட்டாங்கன்னு அர்த்தம் அண்ணி. பயப்படாதீங்க, ஆனா…"

அன்று மாலையே எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் சோதனை நடந்தது. முட்டை, பால், மீன், பருப்பு எல்லாம் குற்றவாளிகள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. அவர்களுக்குக் கைனேஸ் இல்லையாம். மீதமிருந்தது கஞ்சியும் வெள்ளரிக்காயும். "எதிரிக்குத் தீனி போடாதே" என்று கொட்டை எழுத்தில் ஒரு தாள் பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டது. அப்பா எதிர்த்துப் பேசவில்லை. "அவன் படிச்சுப் பார்த்துட்டுத்தானே சொல்றான்" என்றார்.

புற்றுக்கான ஊசி மருந்தின் மூன்றாம் தவணைக்குப் போனோம். எடை பார்க்கும் கருவியில் அம்மா ஏறினாள். நர்ஸ் எண்ணைப் பார்த்தார், இறங்கச் சொல்லி மறுபடி ஏறச் சொன்னார், பிறகு டாக்டரைக் கூப்பிட்டார். ஐந்து கிலோ குறைந்திருந்தது. ரத்தப் பரிசோதனையும் சரியில்லை. இந்த உடம்பு மருந்தைத் தாங்காது, இன்று ஊசி இல்லை என்றார் டாக்டர். தவணை தள்ளிப்போனது. அம்மா ஊசிக்காக மடித்து வைத்திருந்த ரவிக்கைக் கையை இறக்கிவிட்டாள்.

"என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

சித்தப்பா முன்னால் வந்தார். "புரோட்டீனை மொத்தமா நிறுத்திட்டோம் டாக்டர். கைனேஸ் கேஸ் இல்லையா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க என்ன பண்றீங்க?"

"டைல்ஸ் கடை."

"சரி. தரைக்கு ஒட்டுற டைல்ஸும் போன்ல விளையாடுற டைல்ஸ் கேமும் ஒண்ணா?"

"அதெப்படி டாக்டர், பேருதான் ஒண்ணு."

"இதுவும் அப்படித்தான். கைனேஸ் தட்டுல இருக்கிற புரோட்டீன் இல்ல. நம்ம செல்லுக்குள்ள சுவிட்ச் போடுற ஆளு. 'வளரு, நகரு'ன்னு உத்தரவு கொடுக்கும், வேலை முடிஞ்சா அணைஞ்சுடும். இவங்களுக்கு ஒரு சுவிட்ச் அணையாம மாட்டிக்கிச்சு. அதனால செல்லு இருக்கிற இடத்துல இருக்காம பக்கத்துச் சதைக்குள்ள நுழையப் பார்க்குது. அந்தச் சுவிட்சை அணைக்கத்தான் இந்த மருந்து. நீங்க முட்டையை நிறுத்தினா புத்து பட்டினி கிடக்காது சார். உங்க அண்ணிதான் கிடப்பாங்க."

"ஆனா முன்கணிப்பு மோசம்னு…"

"இந்த மருந்து வராத காலத்து ஆளுங்களோட கணக்கு அது. அதுவும் நூறு பேரோட போக்கைச் சொல்லும், இவங்க ஒருத்தரைச் சொல்லாது. கட்டுரையை எவ்வளவு தூரம் படிச்சீங்க?"

சித்தப்பா பதில் சொல்லவில்லை. என் வாழ்நாளில் நான் பார்த்த ஒரே தடவை.

திருந்தினாரா? இந்த இனம் திருந்துமா? மறுநாள் காலை ஆறு மணிக்குக் குடும்பக் குழுவில் அவரிடமிருந்து செய்தி: 'புரோட்டீன் அவசியம்! அலட்சியம் வேண்டாம்! அனைவருக்கும் பகிரவும்!'

மூன்று வாரம் கழித்து அம்மா இரண்டு கிலோ ஏறினாள், ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் சித்தப்பாவை எதிரே உட்காரவைத்து, இரண்டு அவித்த முட்டைகளை நிதானமாக உரித்தாள்.

"பயப்படாதீங்க தம்பி," என்றாள், "ஆனா ரெண்டையும் நானே சாப்பிடப் போறேன்."

எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் குறைவாகச் சிரித்தேன். பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த அந்தத் தாளின் கையெழுத்து என்னுடையது. சித்தப்பா சொல்லச் சொல்ல, தொண்ணூற்றொரு மதிப்பெண் வாங்கிய நான்தான் எழுதினேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

உங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்த ரிப்போர்ட் முதலில் யார் கைக்குப் போனது? யோசியுங்கள். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தது நீங்கள் இல்லையே?

இதை உங்களுக்குத் தெரிந்த சித்தப்பாக்கள் எல்லோருக்கும் அனுப்பிவையுங்கள். தலைப்போடு நிறுத்தாமல் கடைசிவரை படித்தவர்கள் மட்டும் அனுப்பினால் போதும்.