பெண் பார்க்க வந்த தண்ணீர்

கடற்கரை ரிசார்ட்டில் குடும்பத்தோடு தங்குவது எப்படி என்று யோசனை சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் டெல்லி துவாரகாவில் கிடையாது. எங்கள் சொசைட்டியில் யார் கோவாவுக்குக் கிளம்பினாலும் முதலில் என் வீட்டு மணியைத்தான் அடிப்பார்கள். ஈரத்துணிக்கு நைலான் கயிறு எடுத்துக்கொள்ளுங்கள், பால்கனிக் கம்பியில் போட்டால் ஹோட்டல்காரன் முறைப்பான். மணல் ஒட்டிய காலோடு பிள்ளைகளைக் கட்டிலில் ஏற விடாதீர்கள். காலைச் சாப்பாடு வாடகையில் சேர்த்தியா என்று பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே கேளுங்கள். இந்த ஞானமெல்லாம் எனக்கு ஒரே சாயங்காலத்தில் மொத்தமாக வந்தது. அந்தக் கதையை என் வீட்டுக்காரர் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள். நாங்கள் சரோஜினி நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா, அம்மா போனபிறகு என் தங்கை உஷா எங்களோடுதான் இருந்தாள். அவள் வேலை பார்த்த ஆபீஸில் ராகு என்ற சென்னைப் பையனை அவளுக்குப் பிடித்துப்போனது. அவனுக்கும் அவளைப் பிடித்துப்போனது. பிடிக்காதவர் ராகுவின் அம்மா ஒருவர்தான். டெல்லிப் பெண் என்றாலே ஊதாரி, எதையும் கொட்டிக் கவிழ்ப்பாள், வீட்டில் ஹிந்தியில் அதட்டுவாள் என்பது அந்த அம்மாளின் தீர்ப்பு. மகன் விடாமல் கெஞ்சியதில் கடைசியாக ஒரு நிபந்தனை போட்டார்.

“அரை மணி நேரம் சொஜ்ஜி பஜ்ஜி தின்னுட்டு எழுந்து வந்தா யார் குணமும் தெரியாது. ரெண்டு குடும்பமும் எங்கயாவது ரெண்டு நாள் ஒண்ணாத் தங்குவோம். அப்புறம் சொல்றேன்.”

அப்படித்தான் சென்னைக்கு வெளியே கடலோரமாக ஒரு ரிசார்ட் முடிவானது. ரயிலில் உஷா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, அந்தம்மா வேண்டாம்னுட்டா ராகு மீறி வரமாட்டான். நானும் அப்படி வான்னு கூப்பிட மாட்டேன். அதோட முடிஞ்சுது. ப்ளீஸ், நீ கொஞ்சம் அடக்கி வாசி.”

“நான் இருக்கேன்ல? கவலைய விடு” என்றேன். (இதைக் கேட்டதும் மேல் பெர்த்தில் என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டுப் புரண்டு படுத்தார்.)

ரிசார்ட்டில் எங்களுக்கு மாடி அறை. ராகுவும் அவன் அம்மாவும் காலையிலேயே வந்து, சரியாக எங்களுக்குக் கீழ் அறையில் இறங்கியிருந்தார்கள். கதவைத் திறந்ததும் என் மகள் நித்யா “மம்மி, சமுந்தர்!” என்று கடலைப் பார்க்க ஜன்னலுக்கு ஓடினாள். நான் குளியலறைக்கு ஓடினேன். சரோஜினி நகரில் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். அந்த நேரத்துக்குள் வீட்டில் இருக்கிற வாளி, குண்டா, குக்கர் எல்லாவற்றிலும் பிடித்துவிட வேண்டும். அப்படி வருஷக்கணக்காக வாழ்ந்தவளுக்குக் கடல் எங்கே போய்விடப் போகிறது? குழாயைத் திறந்தேன். ஸ்ஸ்ஸென்று வெறும் காற்று வந்தது.

ரிசப்ஷனுக்குப் போன் போட்டேன். “டேங்க் க்ளீனிங் மேடம். அரை மணி நேரத்துல வந்துடும்” என்றான் ஒருவன்.

அரை மணி நேரமாம்! டெல்லியில் அப்படிச் சொன்னால் நாளைக்கு என்று அர்த்தம். எனக்கா தெரியாது? குளியல் தொட்டியின் அடித்துளையை அடைத்தேன். தொட்டியின் மேல்பக்கம் ஒரு ஓட்டை இருந்தது. நிரம்புகிற தண்ணீர் அதன் வழியாக வீணாகப் போகுமே என்று ஒரு சின்னத் துண்டைத் திணித்தேன். தரையில் இருந்த ஜல்லடை வழியாகக் கரப்பான் ஏறி வரும் என்று கால்மிதியை நாலாக மடித்து அதன்மேல் போட்டேன். பிறகு அத்தனை குழாயையும் முழுசாகத் திறந்துவிட்டேன். தண்ணீர் வந்தால் சத்தம் கேட்குமல்லவா, அதற்காக.

“நானும் உஷாவும் ராகு வீட்டோட டீ குடிக்கக் கீழ போறோம். தண்ணி வந்தா பிடிச்சுட்டு மூடிடுங்க” என்றேன் கட்டிலில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரரிடம்.

“அச்சா” என்றார், கண்ணைத் திறக்காமல். (அவரை டீக்கு அழைத்துப் போகாததற்குக் காரணம் உண்டு. யார் என்ன கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுவார்.)

புல்வெளியில் குடைக்குக் கீழே ராகுவின் அம்மா விறைப்பாக உட்கார்ந்திருந்தார். உஷா பட்டுப்புடவையில் வேர்த்துக்கொண்டிருந்தாள். ராகு பிஸ்கெட்டை டீயில் நனைத்து நனைத்து, பாதியை உள்ளேயே விட்டுவிட்டான். சரி, பேச்சை நாம்தான் தூக்கி நிறுத்த வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

“எங்க உஷா இருக்காளே, அவ்வளவு சிக்கனம்மா! அரிசி களைஞ்ச தண்ணியக்கூட வீணாக்க மாட்டா, செடிக்குத்தான் ஊத்துவா. எங்க வீட்டுல ஒரு சொட்டு தண்ணி கீழ சிந்தாது.”

“அப்படியா?” என்றார் அந்த அம்மாள். முதல்முறையாக முகம் கொஞ்சம் இளகியது. உஷா என்னை நன்றியோடு பார்த்தாள். நான் அடுத்த பெருமைக்கு வாயைத் திறந்தபோது, நீச்சல்குளத்தில் விளையாடிக்கொண்டிருந்த நித்யா ஓடி வந்தாள்.

“மம்மி! பானி ஆ கயா!”

“அச்சா, தண்ணி வந்துடுச்சா? அப்பா மூடிடுவாரு, நீ போய் விளையாடு.”

“நஹீ மம்மி, சீடியில ஆ கயா! மாடிப்படியில!”

புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்தை அன்றைக்கு ரிசார்ட்டில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். படிப்படியாகத் தண்ணீர் இறங்கி வந்துகொண்டிருந்தது. அறைக்குள் என் முறுக்குப் பொட்டலம் கதவை நோக்கி மிதந்து வந்தது. ஏசி உறுமிக்கொண்டிருக்க, என் வீட்டுக்காரர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுகமாகத் தூங்கினார். குழாய்களை மூடிவிட்டு அவரை உலுக்கினேன். எழுந்து உட்கார்ந்து காலைக் கீழே வைத்தவர், “கடல் இவ்வளவு கிட்டவா இருக்கு?” என்றார்.

இப்போதும் சொல்கிறேன், தப்பு என்னுடையது இல்லை. அரை மணி நேரம் என்று சொன்னால் அரை மணி நேரத்தில் தண்ணீர் வரும் என்று எந்தப் புத்தியுள்ளவள் நம்புவாள்?

அதற்குள் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். “மேடம், கீழ் ரூம்லயும் ஒழுகும். உடனே திறந்து பார்க்கணும்.”

கீழ் அறை என்றால் ராகுவின் அம்மா அறை. உஷா சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். எங்கள் அம்மா இருந்து இந்தச் சம்பந்தத்தைப் பேசியிருந்தால் நேர்த்தியாக முடித்திருப்பாள். என்னை நம்பி வந்த குழந்தையின் வாழ்க்கையை நான் குழாயைத் திறந்து கெடுத்துவிட்டேன்.

கீழே போனால் ராகுவின் அம்மா கதவை மறித்துக்கொண்டு நின்றார். “வேண்டாம், ஒண்ணும் ஆகியிருக்காது. அப்புறம் பார்த்துக்கலாம்.”

“அம்மா, நகரும்மா” என்று ராகு சாவியை வாங்கித் திறந்தான். கூரையில் ஒரு மூலையில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. ஊழியர் குளியலறையையும் பார்க்கலாம் என்று அதன் கதவைத் தள்ளினார். நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

தொட்டி விளிம்பு வரை நிரம்பியிருந்தது. வாளி, மக்கு, குப்பைக்கூடை, டீ போடும் கெட்டில், கண்ணாடித் தம்ளர்கள், ராகு ஷேவ் செய்யும் கிண்ணம், எல்லாம் நிறையத் தண்ணீர். தொட்டியின் மேல் ஓட்டையில் ஒரு சின்னத் துண்டு திணித்திருந்தது.

“அம்மா!” என்றான் ராகு.

“என்னடா அம்மா? டேங்க் கழுவப் போறோம்னு காலையிலயே சொன்னாங்க, பிடிச்சு வெச்சேன். லாரித் தண்ணிக்குக் குடத்தோட தெருவுல நின்னவ நான். உனக்கென்ன தெரியும்?” என்று சீறினார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்து, “நீயும் ஓட்டையில துணி வெச்சியா?” என்றார்.

“ஆமாம்மா.”

“வெக்காட்டி பாதி வீணாப் போயிடும்” என்றார். பிறகு உஷாவைப் பார்த்தார். “அழுகைய நிறுத்துடி. அந்தத் தண்ணியையும் ஏன் வீணாக்கறே? பிடிச்சு வைக்கத் தெரிஞ்ச வீட்டுப் பொண்ணுதான். மூடறதுக்கு நான் சொல்லித் தரேன்.”

ராகு அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

தையில் கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது யாரும் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்வதில்லை. ‘குழாய மூடிட்டேன்’ என்றுதான் சொல்வோம். போனில் பேசி முடிக்கும்போதும் அதேதான். சில வருஷம் கழித்து உஷாவும் ராகுவும் வேலைக்காக வெளிநாடு கிளம்பியபோது, விமான நிலையத்தில் அவள் என்னைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். கடைசியில் அவள்தான் சொன்னாள்.

“அக்கா, குழாய மூடிட்டேன்.”

பக்கத்தில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் மாமியார் தலையை நிமிர்த்தினார். “நல்லா இறுக்கி மூடினியாடி?”